மீறப்பட்ட நெறியின் பெயரைச் சொல்வோம்

நாடுகளுக்கிடையிலான இணையப் பாதுகாப்பு நெறிகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் நாம் 2015 டிசம்பர் 23ஐ மறந்துவிட முடியாது. ரஷ்யா, அமெரிக்கா உள்ளிட்ட 20 நாடுகளின் நிபுணர்கள் வகுத்துத் தந்த 11 நெறிகளை வழிகாட்டியாகக் கொள்ளும்படி ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது அன்றுதான். மக்களுக்குச் சேவை தரும் இன்றியமையாக் கட்டமைப்புகளை, சர்வதேசச் சட்டத்துக்கு மாறாக வேண்டுமென்றே சேதப்படுத்தும் செயலில் எந்த நாடும் இறங்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அதே நாளில் உக்ரைனில் மூன்று மின்பகிர்மான நிறுவனங்கள் தாக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் கண்ணெதிரே, யாரும் தொடாமலே திரையில் சுட்டி நகர்ந்து துணை மின்நிலையங்களின் இணைப்பை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் வந்து குவிந்ததால் நுகர்வோரின் குரல் உள்ளே போகவில்லை. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று கையாலேயே இணைப்பைக் கொடுத்ததால்தான் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது.

இதைக் காட்டித்தான், கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் தண்டனையும் இல்லாத நெறியால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நெறி மீறப்படுவதால் மட்டும் செத்துப்போவதில்லை. மீறியதைக் கண்டும், இன்ன நெறி மீறப்பட்டது என்று எவரும் சொல்லாதபோதுதான் அது செல்லாக்காசாகிறது. 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை வந்து வேலையை நிறுத்தியது. மறு ஆண்டு பிப்ரவரியில் வெள்ளை மாளிகை சில வரி அறிக்கையில் ரஷ்ய ராணுவத்தைக் குற்றம் சாட்டியது. பொறுப்பற்ற தாக்குதல் என்றும் கண்டித்தது. பொதுச் சபை ஏற்ற நெறிகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கண்டனம் இரு நாடுகளின் பகையாகவே உலகின் காதில் விழுந்தது. 2022இல் வயாசாட் செயற்கைக்கோள் இணையம் தாக்கப்பட்டபோது ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஓரடி முன்னே வைத்தது. ரஷ்யா உட்பட எல்லா ஐ.நா. உறுப்பு நாடுகளும் வகுத்த எதிர்பார்ப்புக்கு இது மாறானது என்றது. பிரதிவாதியே ஒப்புக்கொண்ட அளவுகோலை அவர் முன்னால் வைக்கும் வாதம் அது. புதிய ஒப்பந்தம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அணுகுண்டுகளை எண்ணுவதுபோல் எண்ணிக் கணக்கிட முடியாத மென்பொருளை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, கையிலிருக்கும் 11 நெறிகளை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

தாக்கியவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது என்ற வாதம் முன்பிருந்த வலுவை இழந்துவிட்டது. நாட்பெட்யாவுக்குப் பெயர் சொல்ல எட்டு மாதங்கள் ஆயின. வயாசாட்டுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரஷ்யா மறுக்கிறது என்பது உண்மை. அதனால்தான் குற்றச்சாட்டோடு தொழில்நுட்பச் சான்றும் வெளிவர வேண்டும். வல்லரசுகள் தங்களுக்கு வசதியாகவே நெறியைக் கையாளும் என்ற ஆட்சேபம்தான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. நாட்பெட்யாவும் வானாக்ரை என்ற இன்னொரு தீநிரலும் பயன்படுத்திய, மென்பொருள் ஓட்டை வழியே ஊடுருவும் கருவி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து கசிந்தது. மென்பொருள் ஓட்டைகளைப் பொறுப்போடு தெரிவிக்க நாடுகள் ஊக்கம் தர வேண்டும் என்பதும் அந்த 11இல் ஒன்றே. ஓட்டையை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்த அரசையும் அதே தராசில் நிறுத்தாவிட்டால், மற்றவரை நோக்கி நீளும் விரலுக்கு மதிப்பிருக்காது.

ஆகவே இங்கு கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆராயும் ஒவ்வொரு தாக்குதலிலும், செய்தது எந்த நாடானாலும், எந்த நெறி மீறப்பட்டது, அதற்குச் சான்று என்ன, பாதிக்கப்பட்ட அரசு அதைச் சொன்னதா என்பதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்படியொரு பதிவேடு அரசுகளின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. முதல் அமர்வைத் தொடங்கலாம்.