விறகுக்கட்டும் வெள்ளிப் பதக்கமும்

(ரிவர்ஸ்டன் மாதர் கூட்டத்தில் பேசியது)



போன கிழமை ஒரு தகப்பன் எங்களிடம் வந்தார். "ஐயா, பள்ளிக்கூடத்துல மகளைப் பளுதூக்கச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. பொம்பளப் புள்ளைக்கு அது எதுக்கு?" என்றார். அந்த நேரம் அவர் மனைவி கொழுந்து மூட்டையோடு நிறுவைக்கு ஏறிக்கொண்டிருந்தா. நாங்கள் அந்தப் பக்கம் கையைக் காட்டினோம்.

இந்தியாவில் மணிப்பூரைச் சேர்ந்தவர் மீராபாய் சானு. சிறு வயதில், அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டைத் தூக்கி வந்தவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். நம் நாட்டு தினுஷா கோமஸ் 2018 கொமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஆண்களுக்கு 1896இலேயே ஒலிம்பிக்கில் இருந்த போட்டி, பெண்களுக்கு வந்தது 2000இல்தான்!

அங்கே முதலில் வெறும் கம்பியைத்தான் கொடுப்பாங்க. பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிச்சு, முதுகை வளைக்காம, காலால எழும்பப் பழக்குவாங்க. இரும்பு கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூடும். நடுவில ஓய்வு, வயிறாரச் சாப்பாடு. நமக்கோ நெத்தியில கயிறு, வயித்துல வெறும் தேத்தண்ணி. அந்தப் பிள்ளைகள் தூக்கித் தூக்கிப் பலமாகுறாங்க, நம்ம தாய்மார் தூக்கித் தூக்கித் தேயுறாங்க.

அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் லயத்துக்கு வாறோம். மகளும் தாயும் வீட்டில் இருக்கணும், அவங்க ரெண்டு பேரும் என்ன சொல்றாங்கன்னு கேட்கணும்.