பொதிகை ஏறுமுன்



நெய்யாற்றின்கரையில் நாம் நீராடும் நெய்யாறு, அகத்தியர் கூடத்தில் பிறந்து வருவது. பாறசாலைத் தமிழிளைஞர் அம்மலையேற விழைவது இயல்பே. ஆயின் 1868 மீட்டர் உயரமுள்ள அப்பொதிகை, திருவிழாத் திடலன்று, மழைக்காடு.

கேரள வனத்துறை பொதுவாகச் சனவரி, பிப்ரவரித் திங்களில் அனுமதி தருகிறது. 2019 முதல் பெண்டிரும் ஏறுகின்றனர். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாமடைந்து, சிகரமேறி மீள மூன்று நாளாகும். அனுமதியின்றி நுழைந்தோர் வழிதவறினால், அவர்கள் காட்டிலிருப்பதே எவர்க்கும் தெரியாது.

மூட்டை சிறிதாகட்டும். எங்கள் இரயில் நிலையத்தில் சுமையாள் உண்டு, மலையில் இல்லை. மாற்றுடை, மழையங்கி, கைவிளக்கு, வழக்கமாக உண்ணும் மருந்து, முழங்கால்வரை நீண்ட காலுறை இவை போதும். அட்டை கடித்தால் பிய்த்திழுக்காது நகத்தால் நெருடித் தள்ளுக. அதன் உமிழ்நீர் குருதியை உறையவிடாது. சற்றுநேரம் கசியும், அஞ்சற்க.

பாம்புக்கடி அவ்வாறன்று. இறுகக் கட்டுதலும், கீறி உறிஞ்சுதலும் நம்மூரில் இன்னும் மறையவில்லை, இரண்டும் கேடே. கடியுண்ட உறுப்பை அசையாதபடி குச்சி வைத்துக் கட்டி, அவரை நடக்கவிடாது சுமந்து வருக. நஞ்சுமுறி மருந்து மருத்துவமனையில்தான் உண்டு. ஆகவே தனியே ஏறுதல் ஆகாது. வழிகாட்டியை விட்டுப் பிரியவும் வேண்டா.

ஊற்றுநீராயினும் காய்ச்சியே பருகுக. மீண்டபின் மூன்று நான்கு வாரத்திற்குள் காய்ச்சல் கண்டால், காட்டிற்குச் சென்றதை மருத்துவரிடம் முதலில் சொல்லுக. எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும்.