குளிர்காலையில் கிளம்பாத வண்டி



நீலகிரியில் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்வெளிகள் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடக்கும். உறைபனி அது. சுற்றுலா வருவோர் அதைக் கண்டு மகிழ்வர். பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் மகிழ்வதில்லை. உதகமண்டலத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, 2009ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், எங்கள் பள்ளி வேன் காலை தோறும் கிளம்ப மறுத்தது. அந்த வேனைப் பற்றியும், அதன் பொருட்டு நான் இழைத்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

வேன் புதியது அன்று. முந்தைய மே மாதத்தில் கோயம்புத்தூரில் பழைய வண்டியாக வாங்கியது. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம், சாவியைத் திருப்பியதும் கிளம்பிற்று, பணத்தைக் கொடுத்துவிட்டோம். விற்றவர் எங்களை ஏமாற்றியிருக்க வேண்டியதே இல்லை. அந்த ஊர் வெயிலே அதன் குறையை மறைக்கப் போதுமானது.

ஜனவரியில் தொல்லை தொடங்கிற்று. ஏழரை மணிக்கு வரவேண்டிய வேன் எட்டரைக்கு வந்தது. சிறு பிள்ளைகள் பனியில் கைகளைத் தேய்த்துக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். பெற்றோர் முறையிட்டனர். ஓட்டுநரை அழைத்துக் கேட்டேன். "ஐயா, காலையில் வண்டி பிடிக்கமாட்டேன் என்கிறது" என்றார். "எங்கே, என் முன்னால் காட்டுங்கள்" என்றேன். அப்போது மணி பத்து. ஊரெல்லாம் சுற்றிச் சூடாக வந்து நின்ற வண்டி, முதல் சுற்றிலேயே கிளம்பிற்று. நான் வேறெதுவும் கேட்கவில்லை. காலந்தாழ்த்துவதாக அவருக்கு ஒரு குறிப்பாணை எழுதிக் கையொப்பமிட்டேன்.

குளிரில் மட்டும் தோன்றும் குறையை வெயிலில் தேடினேன் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. இத்தனைக்கும் நான் முப்பது ஆண்டு அறிவியல் போதித்தவன்!

டீசல் எஞ்சினின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் அறிவீர்கள். அதே தத்துவந்தான். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சின் இதன் மீதே நிற்கிறது. உருளைக்குள் வந்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போகும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றும்.

குளிரில் என்ன ஆகிறது? இரும்புச் சுவர்கள் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடிக்கிறது. பேட்டரியோ, உறைநிலைக்கு அருகில், தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கையேனும் இழந்து நிற்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றச் சுற்ற வெப்பம் கசிந்தோட நேரம் மிகுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தமும் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்கே. ஆகவே, பல எஞ்சின்களில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சிறு மின்சூடேற்றி வைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் பிளக் என்பர்.

இனி எங்கள் வேனுக்கு வருவோம். நிர்வாகக் குழு முதலில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டது, பயனில்லை. பிறகு ஒரு மெக்கானிக் வந்து, "போர் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லி நாற்பதாயிரம் ரூபாய் கணக்குக் கொடுத்தார். அவர் சொன்னது பிதற்றல் அன்று. தேய்ந்த எஞ்சினும் குளிரில் முரண்டு செய்து, சூடேறியபின் நன்றாக ஓடக்கூடும். ஆனால் எஞ்சினைப் பிரிப்பது கடைசியில் செய்யவேண்டிய வேலை. அவர் அதை முதலில் வைத்தார்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே எனக்கு விழிப்பு வந்தது. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, இயற்பியல் ஆசிரியரையும், ஆய்வகத்து வோல்ட்மீட்டரையும், வெப்பமானியையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வெப்பமானி 2 டிகிரி காட்டிற்று. ஓட்டுநர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சமையற்காரரையும் காவற்காரரையும் துணைக்கு அழைத்து, நாள்தோறும் வண்டியைச் சரிவில் தள்ளி அவர் கிளப்பி வந்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். கனத்த வாளியை இறைப்பவர் மூச்சு வாங்குவது போல எஞ்சின் விட்டுவிட்டுச் சுழன்றது. புகைக்குழாயில் வெண்புகை வந்தது. பச்சை டீசல் வாடை அடித்தது. அந்த வெண்புகை எங்கள் வேலையில் பாதியைக் குறைத்தது. உள்ளே டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்பதே அதன் பொருள். புகையே வராதிருந்தால் நாங்கள் எதிர்த்திசையில் தேடியிருக்க வேண்டும்: இரவில் குழாயில் காற்றுப் புகுந்து டீசல் தொட்டிக்கே இறங்கிவிட்டதா, வடிகட்டி அடைத்துள்ளதா, கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டுவிட்டதா என்று. கைப்பம்பை அடித்தவுடன் வண்டி கிளம்பினால் காற்றுப் புகுந்தது என்று துணியலாம். எங்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஏன் மெதுவாகச் சுற்றுகிறது? ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் முனைகளில் 10.4 வோல்ட் இருந்தது, அது போதுமானதே. அடுத்து, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுகம்பியை எஞ்சினின் இரும்பிலும் வைத்தோம். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஒன்றரை வோல்ட் காட்டிற்று. எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள எர்த் கம்பியின் மரையடியில் துரு. பேட்டரியை மாற்றியும் பயனில்லாது போனதன் காரணம் அதுதான். ஓட்டுநர் அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார்.

இப்போது எஞ்சின் விறுவிறுவெனச் சுற்றியது. இரண்டு உருளைகள் மட்டும் பிடித்து, வண்டி உடலெல்லாம் நடுங்கி நின்றுபோயிற்று.

ஹீட்டர் விளக்கு முன்பலகையில் எரிந்து அணைந்ததால், ஹீட்டர்களும் சரியாகவே இருக்குமென்று எல்லாரும் எண்ணியிருந்தோம். அந்த விளக்குக்கு ஹீட்டரின் நிலை தெரியாது. நான்கு ஹீட்டர்களையும் இணைக்கும் பட்டையைக் கழற்றினோம். ஒரு சிறு பல்பின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நேர்முனையில் பிடித்து, மறுகம்பியால் ஹீட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டோம். நல்ல ஹீட்டர் என்றால் பல்பு எரியும். முதலாவது எரிந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் இருண்டன, நான்காவது எரிந்தது. அன்று மாலையே இரண்டு புதிய ஹீட்டர்களை வாங்கிப் பூட்டினோம். நாற்பதாயிரம் ரூபாய் வேலை சில நூறு ரூபாயில் முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, தள்ளுவார் இன்றி வண்டி கிளம்பிற்று.

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சிலர் தொட்டிக்கடியில் விறகு மூட்டுவர். சிலர் எளிதில் பற்றும் ஈதரைக் காற்றுக்குழாயில் பீச்சுவர். முதலாவது வண்டியையே எரித்துவிடும். இரண்டாவது, சூடான ஹீட்டர் உள்ள எஞ்சினில், பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.

வேன் சரியாகிவிட்டது, குறிப்பாணை சரியாகவில்லை. ஓட்டுநரிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். ஆனால், அவருடைய பணிக்கோப்பில் ஏறிவிட்ட தாளை அகற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டுமென்றனர். எழுதுவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அகற்றுவதற்கு மார்ச் மாதம் வரை ஆயிற்று. தீர்மான நகலை அவர் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த தடவை வண்டி பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா."

இரண்டாண்டு கழித்து, மற்றொரு வேன் பார்க்க அவரையும் அழைத்துச் சென்றேன். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். விற்பவர் சாவியை நீட்டினார். ஓட்டுநர் அதை வாங்கவில்லை. முதலில் மூடியைத் திறந்து, எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது சுட்டது. நாங்கள் வணக்கம் சொல்லித் திரும்பிவிட்டோம்.