மிதிவண்டித் தடம் யாருக்கு?

(பெங்களூரு நீலசந்திராவில் ஆற்றப்பட்ட உரை)

டொரன்டோ நகரின் முக்கியச் சாலைகள் மூன்றில் மிதிவண்டித் தடங்களை அகற்றி, கார்களுக்கு விட 2024இல் ஒன்டாரியோ அரசு சட்டம் இயற்றியது. மக்கள் திரண்டு எதிர்த்தனர், நீதிமன்றமும் சென்றனர். வழக்குத் தொடுத்தோரில் மிதிவண்டியில் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலாளி ஒருவரும் உண்டு. தடங்களை நீக்கினால் நெரிசல் குறையாது, உயிருக்கே ஆபத்து என்று கூறிய நீதிமன்றம், 2025 ஜூலையில் அந்நடவடிக்கை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அரசு அடங்கவில்லை, மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

பெங்களூருவில்? 2020இல், கொரோனாக் காலத்தில், வெளிவட்டச் சாலையில் தடுப்புகள் நட்டுத் தடம் அமைத்தார்கள். ஐ.டி. ஊழியர்கள் காரை விட்டு மிதிவண்டிக்கு மாறுவார்களாம்! மெட்ரோ பணி வந்தது, தடம் போயிற்று. மிதிவண்டி ஆர்வலர்கள் முறையிட்டனர். தொழிற்சங்கங்களின் குரல் அதில் ஓங்கி ஒலிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விடியலில் வாளியையும் தூரிகைகளையும் கட்டிக்கொண்டு நீலசந்திராவிலிருந்து புறப்படும் பெயின்டருக்கு மிதிவண்டி உடற்பயிற்சி அன்று. கூலியில் மிச்சம் பிடிக்கும் வழி. பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லை, நல்லது. ஆண் தொழிலாளிக்கோ 2025 ஜனவரியில் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. மெட்ரோ பணி முடிந்து சாலையைச் செப்பனிடும்போது தடம் மீண்டும் வேண்டும் என்ற மனுவில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.