யார் காசில் கூத்து?

தேர்தல் லஞ்சம் என்றதும் கவரில் வைத்த ரூபாய் நோட்டுதான் நம் நினைவுக்கு வரும். சட்டமோ வேறு இரண்டைத் தனியாகப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. ஒன்று சாப்பாடு, மற்றது கேளிக்கை. உணவு, பானம், கேளிக்கை, உணவுப்பொருள் ஆகியவற்றைக் கொடுத்து வாக்காளரை மகிழ்விப்பதும் லஞ்சம்தான் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 1920-இலேயே சேர்த்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 173-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணமாகக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். விருந்தாகக் கொடுத்தால் அபராதம் மட்டுமே. இன்னொரு சட்டமான 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 126-ஆம் பிரிவில், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பாட்டுக்கச்சேரி, நாடகம், வேறு கேளிக்கை என எதைக் காட்டிக் கூட்டம் சேர்த்தும் தேர்தல் சங்கதி பேசக் கூடாது என்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கிற ஒருவர், சோறும் கூத்தும் ஓட்டுக்குப் பகை என்று முடிவு கட்டிவிடக் கூடும். அந்த முடிவு தவறு என்பதே இன்றைய பேச்சு. சட்டம் பயப்படுவது சோற்றைப் பார்த்தல்ல, கூத்தைப் பார்த்தும் அல்ல. அதற்கு யார் காசு கொடுக்கிறார் என்பதைப் பார்த்துத்தான்.

விருத்தாசலத்துக்கு மேற்கே, வேப்பூர்ப் பக்கம் இருக்கிற நல்லூர் ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். பீங்கான் ஊர் என்று விருத்தாசலத்துக்குப் பெயர். அகல் விளக்கும் ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் அங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. சுற்றியுள்ள மானாவாரிக் காட்டில் முந்திரியும் மல்லாட்டையும் விளைகின்றன. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்பது தென்னார்க்காட்டு வாயில் புழங்கிப் புழங்கி இப்படி ஆயிற்று. இந்தப் பகுதியின் சொந்த நாடகம் தெருக்கூத்து. பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும். படுகளத்தன்று மண்ணைக் குழைத்துத் துரியோதனனை ஆள் நீளத்துக்கும் பல மடங்கு பெரிதாகப் படுக்க வைப்பார்கள். சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் பெரும்பாலும் இதே ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே சுவரில் சின்னம் வரைவதும் கூத்துக் களரிக்குப் பந்தல் போடுவதும் ஒரே சமயத்தில் நடக்கிற ஊர்கள் இவை.

இந்தக் கூத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? மரபான ஏற்பாடு தலைக்கட்டு வரி. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரும் அரை ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு ஒரே மண்ணில் பாய் விரித்து உட்காருகிறார்கள். கூத்தின் சுதந்திரம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். கட்டியங்காரனைக் கவனியுங்கள். ராஜாவின் வாயில்காப்பவனாக வருகிறான். ராஜாவையே கிண்டல் செய்கிறான். பஞ்சாயத்துத் தலைவரையும், ரேஷன் கடையையும், முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவரையும் விடுவதில்லை. எல்லாரும் காசு போட்டதால் எந்த ஒருவருக்கும் அவன் கடன்படவில்லை. ஒரே ஒரு பெரிய மனிதர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இரவில் அவர் பெயரைச் சொல்லி அவன் வாழ்த்துப் பாட வேண்டியிருக்கும். அன்றைக்குக் கிண்டல் ஒரு மாற்றுக் குறையத்தான் செய்யும்.

இதன் மறுபக்கத்தையும் இதே மாவட்டம் காட்டியிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்தது. அதற்குச் சில நாள் முன்பு, பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வந்து பரபரப்பானது. சொல்லப்பட்ட காரணம் கோயில் காரியம். இப்படிப்பட்ட ஏலங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படுகிற வாதம் நமக்குத் தெரிந்ததுதான்: பணம் யார் பாக்கெட்டுக்கும் போகவில்லை, ஊர்ப் பொதுவுக்குத்தானே போகிறது, தேர்தல் சண்டையும் மிச்சம். கேட்க நியாயம் போல இருக்கும். ஆனால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருந்த ஒரு செலவை ஒருவரே தூக்கிக்கொண்டால், ஊரார் வரிகொடுப்போர் என்ற நிலையிலிருந்து விருந்தாளி என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்குகள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஏலம் முடிந்த ஊரில் அந்த இளஞ்சிவப்புச் சீட்டுக்கு வேலையில்லை.

தலைக்கட்டு வரியைப் புகழ்கிறீர்களே, அதிலும் எல்லாரும் சேர்த்தி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். மிகச் சரியான கேள்வி. ஊர் ஒன்று, காலனி ஒன்று என்று பிரிந்து கிடக்கிற இடங்களில் தலித் குடும்பங்களிடம் கோயில் வரி வாங்க மறுப்பதும், அதனாலேயே திருவிழாவில் உரிமை இல்லை என்பதும் நடந்துவருகிறது. இதை மூடி மறைத்துவிட்டுக் கூத்தின் சமத்துவம் பேசினால் அது பொய். ஆனால் இந்தக் கொடுமையே என் வாதத்தின் கூர்மையான சான்றும் ஆகிறது. ஒருவரை விலக்கி வைக்க விரும்புகிறவர்கள் அவருக்குச் சோறு போட மறுப்பதோடு நிற்பதில்லை. அவர் தருகிற வரியை வாங்க மறுக்கிறார்கள். கொடுக்க முடிந்தவருக்குத்தான் கேட்க உரிமை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கேதான் சினிமாக் கொட்டகையின் இடம் முக்கியமாகிறது. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கு, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டின் விலை என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த நூலில் சுட்டிக்காட்டினார். பெஞ்சு டிக்கெட்டும் தரை டிக்கெட்டும் இருந்தன, அதுவும் ஏற்றத்தாழ்வுதான். ஆனாலும் கையில் காசு இருந்தால் கவுண்டரில் சீட்டுக் கிடைத்தது. வாக்குச்சாவடி வரிசை அதையும் தாண்டியது, அங்கே கவுண்டரில் காசும் கேட்பதில்லை.

கொட்டகைதானே நடிகர்களை நாற்காலியில் உட்கார வைத்தது என்பது அடுத்த ஆட்சேபம். தமிழ்நாட்டு மேடையும் திரையும் அரசியல் பேசிப் பழகியவை என்பதில் சந்தேகமில்லை. அண்ணா நாடகம் எழுதினார், எம்.ஆர்.ராதா மேடையிலேயே ஆட்சியைச் சீண்டினார். 1954-இல் சென்னை அரசு கொண்டுவந்த நாடகச் சட்டம் ராதாவைக் குறிவைத்தது என்றே பேசப்பட்டது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. ஆனால் ரசிகர் வேறு, வாக்காளர் வேறு என்பதற்கு விருத்தாசலத்தைவிடத் தெளிவான சாட்சி எங்கே கிடைக்கும்? 2006 சட்டமன்றத் தேர்தலில் நடிகர் விஜயகாந்தின் கட்சி மாநிலம் முழுக்கப் போட்டியிட்டு ஒரே ஒரு தொகுதியில் வென்றது. அது அவரே நின்ற விருத்தாசலம். சினிமா மயக்கம் என்றார்கள். அப்படியானால் அந்த மயக்கம் பிறகும் நீடித்திருக்க வேண்டும். 2016-இல் அவர் பக்கத்துத் தொகுதியான உளுந்தூர்பேட்டையில் நின்று வைப்புத்தொகையை இழந்தார். 2021-இல் அவருடைய மனைவி பிரேமலதா விருத்தாசலத்திலேயே நின்று தோற்றார். 2024-இல் இந்த மண்ணையே படமாக எடுத்த இயக்குநர் தங்கர் பச்சான் கடலூர் மக்களவைத் தொகுதியில் நின்றார், அவரும் வெல்லவில்லை. தன் காசில் டிக்கெட் எடுத்தவர் மூன்று மணி நேரத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். ‘சொந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் கடன்படாமல் வரிசையில் நில்லுங்கள் என்று சொல்வது எளிது, சமைப்பது யார்?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறுகிற முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு அது இரண்டு பிரியாணியும் ஒரு டீயும். அடுப்படிக்கு முதலாளி கிடையாது, ஆகவே விடுமுறையும் கிடையாது. எல்லாரும் வீட்டில் இருக்கிற நாள் என்பதால் அன்று வேலை கூடத்தான் செய்கிறது. முதல் பொதுத் தேர்தலில், 1951-52-இல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத பெண்கள் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலில் சேர்க்க முடியாமல் போனது. அவர்களில் பெரும்பாலோர் வடமாநிலத்தவர். 2024-இல் தமிழ்நாட்டுப் பட்டியலில் பெண்கள் 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி. பெயர் வந்துவிட்டது, எண்ணிக்கையில் முந்தியும் விட்டார்கள். அன்றைய சமையலை யார் செய்வது என்ற பேச்சு மட்டும் தொடங்கவே இல்லை.

ஆனால் இதற்கு விடை கட்சிக்காரர் கொண்டுவருகிற பொட்டலம் அல்ல. சமைக்கிறவரின் பாரத்தை ஒரு வேளைக்கு அது குறைக்கும். அந்தக் குடும்பத்தின் மீது ஒரு கடப்பாட்டையும் வைத்துவிட்டுப் போகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த சமூகத்தில் இந்தச் சுமை சட்டப்புத்தகத்தில் இருப்பதைவிடப் பெரியது. ஆயிரம் ரூபாயை வாங்கிவிட்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. கை நனைத்த வீட்டுக்கு எதிராகப் போட அதே ஆள் தயங்குவார். சட்டம் விருந்துக்கு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கு அதனால்தான் விந்தையாகப் படுகிறது. வீட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் காலை 7 மணிக்கு வரிசையில் நிற்கப் போகிறவருக்குப் பழையதையும் மோர்மிளகாயையும் விஞ்சிய சாப்பாடு இல்லை. முந்தின இரவே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால் காலையில் அடுப்பே பற்ற வேண்டாம். மத்தியானம் இந்தப் பக்கத்துப் பருவத்துக்குரிய பச்சை முந்திரிக் குழம்போ பலாக்காய்ப் பொரியலோ வேண்டுமென்றால், முந்திரிக் கொட்டையைக் கீறிப் பருப்பெடுக்க நேரமும் பிடிக்கும், பால் பட்டுக் கையும் புண்ணாகும். விடுமுறையில் இருக்கிற ஆண்கள் அதைச் செய்யட்டும்.

சரி, மிக்ஸியும் கிரைண்டரும் மட்டும் என்ன, அதுவும் அடுப்படி வழியாக வந்த லஞ்சம்தானே? 2011 தேர்தலில் இரண்டு பெரிய அணிகளும் சமையலறைக்குப் பொருள் தருவதாக வாக்களித்தன; வென்றவர்கள் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் தருகிற வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பானது. நான் இதைத் தலைக்கட்டு வரியின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். கஜானாவிலிருந்து வந்த மிக்ஸி நாம் தீப்பெட்டி முதல் பெட்ரோல் வரை கட்டிய வரி; தேர்தல் முடிந்த பிறகு, ஓட்டுப் போடாதவர் வீட்டுக்கும் போனது. அது நல்ல செலவா என்று சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் வேட்பாளர் கையால் வருகிற பொட்டலத்தோடு அதைச் சேர்க்க முடியாது. தகராறு மிக்ஸியில் இல்லை, அதன் மேல் ஒட்டிய தலைவர் படத்தில் இருக்கிறது. பொதுப்பணத்தில் வந்ததற்கு ஒரு கொடையாளி முகத்தை மாட்டுகிற வேலை அது.

ஆஸ்திரேலியாவில் 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், தேர்தல் நடப்பது சனிக்கிழமை. பள்ளிக்கூட வாக்குச்சாவடிகளின் வாசலில் சுட்ட இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். ஜனநாயக சாசேஜ் என்று செல்லப்பெயர் வைத்து அதை ஒரு திருநாள் பண்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது, அது இலவசம் அல்ல. வாக்காளர் காசு கொடுத்து வாங்குகிறார், லாபம் அந்தப் பள்ளிக்குப் போகிறது. நல்லூர் ஒன்றியத்திலும் ஓட்டுப் போடுவது பள்ளிக்கூடங்களில்தான். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சின்னமோ கொடியோ இல்லாமல், அதிகாரிகளிடம் கேட்டு, வாக்குச்சாவடியின் 100 மீட்டர் எல்லைக்கு வெளியே கம்பங்கூழும் மோரும் வேகவைத்த மல்லாட்டையும் விற்றால் என்ன? இரண்டு ரூபாய் அதிகம் வைத்துத்தான் விற்கட்டுமே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகும். ஏழைகளால் வாங்க முடியுமா என்று கேட்கலாம். பத்து ரூபாய்க் கூழை வாங்க முடியாதவருக்கு நிழலும் குடிதண்ணீரும் தர வேண்டியது தேர்தல் அலுவலரின் கடமை. அதை ஏற்கெனவே விதி சொல்கிறது.

மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, அவர்கள் போட்டு முடித்ததும் இயந்திரத்துக்குச் சீல் வைக்கிறார்கள். 126-ஆம் பிரிவு சொன்ன 48 மணி நேரமும் அந்த வாக்குப்பதிவு நேரத்தோடு முடிந்துவிடுகிறது. கோயில் திருவிழாவுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிய ஊரானால், சாப்பாடு முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு களரிக்குப் போகிற நேரம் அது. மத்தளம் ஆரம்பிக்கும், திரை பிடிப்பார்கள், கட்டியங்காரன் வருவான். இரண்டு நாளாகப் பேசக் கூடாது என்றிருந்த சங்கதியை எல்லாம் இனி அவன் பேசலாம்.