திரைப் பொத்தான்களை யார் பராமரிக்கிறார்கள்?

(தென்னேரியில் ஆசிரியர் பயிற்சி நாளொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் டக்ஸ் பெயின்ட் கற்பிக்கிறோம். எட்டாம் வகுப்பில் லிப்ரே ஆபீஸ் கால்க் வருகிறது. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியலில் உபுண்டு வருகிறது. மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். விலை இல்லை, படியெடுத்துப் பகிரலாம், விரும்பினால் மாற்றியும் எழுதலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தப் பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு பகுதியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இவற்றை ஆண்டுதோறும் பராமரிப்பவர்கள் யார்? அந்தப் பராமரிப்பு நின்றால் நம் வகுப்பறைத் திரையில் என்ன ஆகும்? அதில் நமக்கு ஏதாவது வேலை உண்டா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு மென்பொருளைத் திறந்தால் பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி, உருளல் பட்டை எல்லாம் தெரிகின்றன. மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் இவற்றைப் புதிதாக வரைந்துகொண்டிருப்பதில்லை. வீடு கட்டுபவர் கதவையும் சன்னலையும் கடையிலிருந்து வாங்கிப் பொருத்துவதைப் போல, ஆயத்தமாக இருக்கும் ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு இடைமுகக் கருவித்தொகுப்பு என்று பெயர், டூல்கிட் என்பார்கள். திறந்த மூல உலகில் பெரியவை இரண்டு: ஜிடிகே, கியூட்டி. உபுண்டுவில் நாம் பார்க்கும் க்னோம் திரை ஜிடிகேயால் ஆனது. லிப்ரே ஆபீஸுக்குத் தனக்கென ஒரு தொகுப்பு இருந்தாலும், உபுண்டுவில் அது ஜிடிகேயின் துணையோடுதான் தன் பொத்தான்களை வரைகிறது.

இது நமக்குப் புதிய உறவும் இல்லை. 2011இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அதன் திரையும் க்னோம்தான். அந்த மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்து பார்த்த ஒவ்வொரு மாணவரும், பெயர் தெரியாமலேயே ஜிடிகேயைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஜிடிகே பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஜிம்ப். முதலில் மோட்டிஃப் என்ற கருவித்தொகுப்பைப் பயன்படுத்தினார்கள். அது அப்போது கட்டற்றதாக இல்லை. எனவே தங்களுக்கென்று ஒரு தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். ஜிம்ப் டூல்கிட் என்பதன் சுருக்கமே ஜிடிகே. மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். தொகுப்பு மட்டும் வேறு பல கைகளுக்கு மாறி இன்றுவரை வளர்கிறது. 1998இல் முதல் பதிப்பு, 2002இல் இரண்டாவது, 2011இல் மூன்றாவது, 2020 டிசம்பரில் நான்காவது.

ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதாதா, எதற்கு இத்தனை பதிப்புகள் என்று கேட்கலாம். பொத்தான் மாறவில்லை; அதைச் சுற்றியிருப்பவை மாறிவிட்டன. 1998இல் தொடுதிரை வகுப்பறைக்கு வரவில்லை. இன்று விரலால் தொடும் பலகைகள் வந்துவிட்டன. சுட்டிக்காக அளந்து வைத்த சிறிய பொத்தான் விரலுக்குப் போதாது. திரையின் புள்ளி அடர்த்தி பல மடங்கு கூடியிருக்கிறது. பழைய மென்பொருளை அதில் திறந்தால் எழுத்து எறும்பளவு தெரியும். லினக்ஸில் திரைக்கு வரையும் அடிப்படை முறையே மாறிவருகிறது: 1984இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் சாளர முறையின் இடத்தை வேலாண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுப்பதுதான் புதுப்பித்தல்.

அப்படி ஒரு புதுப்பித்தலால்தான் தமிழுக்கும் இடம் கிடைத்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை வேறொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜிடிகேயின் முதல் பதிப்பிலும் உலக மொழிகளுக்கான ஒருங்குறி இல்லை. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பு, பாங்கோ என்ற எழுத்து அமைக்கும் நூலகத்தோடு வந்தது. அதன்பின் எல்லா எழுத்தும் ஒருங்குறியில் கையாளப்பட்டது. தமிழைத் திரையில் காட்ட, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒளித்துவைக்கும் வேலை தேவையற்றதாயிற்று.

ஆனால் புதுப்பித்தலுக்கு விலை உண்டு. கருவித்தொகுப்பு மாறினால், அதை நம்பி எழுதிய ஒவ்வொரு மென்பொருளையும் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். ஜிம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிகே அதற்காகவே பிறந்தது. ஜிடிகேயின் மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தது. ஜிம்ப் அதற்கு மாறி வெளிவந்தது 2025 மார்ச்சில். 14 ஆண்டுகள். அதற்குள் நான்காம் பதிப்பு வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பெரிய மென்பொருள், சில தன்னார்வலர்கள், மாலை நேரமும் விடுமுறை நாளும் மட்டுமே கிடைக்கும் உழைப்பு. கணக்கு அவ்வளவுதான்.

சிறுவர்களுக்கான ஒரு மென்பொருளின் அனுபவத்தையும் சொல்கிறேன். ஜிகோம்ப்ரி என்பது தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான கற்றல் விளையாட்டுகளின் தொகுப்பு. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியில் அமைந்த பெயர். 2000ஆம் ஆண்டு ஜிடிகேயில் எழுதப்பட்டது. கைக்கணினிகள் பெருகியபோது அவற்றில் ஓடும்படி செய்வதற்காக, 2014 முதல் அதைக் கியூட்டியில் மறுபடியும் எழுதத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது. 1.0 என்ற எண்ணோடு அது வெளிவந்தது 2020 நவம்பரில். அந்த ஆறு ஆண்டு உழைப்பை யாரும் செய்யாமல் விட்டிருந்தால், அது பழைய கணினிகளோடு சேர்ந்து மறைந்திருக்கும்.

நம் ஏழாம் வகுப்புக்குரிய டக்ஸ் பெயின்ட்டுக்கும் இதே நிலை வந்தது. 2002இல் தொடங்கிய அந்த மென்பொருள் எஸ்டிஎல் என்ற வரைகலை நூலகத்தின்மேல் நிற்கிறது. எஸ்டிஎல் இரண்டாம் பதிப்புக்கு மாறியபின், டக்ஸ் பெயின்ட்டும் மாறியாக வேண்டும். 2022இல் மாறியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சிறு துண்டு இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்க டக்ஸ் பெயின்ட் எஸ்டிஎல்-பாங்கோ என்ற சிறிய நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது பழைய எஸ்டிஎல்லுக்காக எழுதப்பட்டது. புதியதற்கு ஏற்ப அதையும் ஒருவர் மாற்றித் தர வேண்டியிருந்தது. அதுவும் தன்னார்வலர் உழைப்பால்தான் நடந்தது. ஆங்கிலம் எழுத அந்தத் துண்டு இல்லாவிட்டாலும் ஒருவாறு சமாளிக்கலாம். தமிழ் எழுத முடியாது.

ஏன் முடியாது? 'கொடி' என்று எழுதுகிறோம். கணினியின் நினைவகத்தில் முதலில் 'க', அடுத்து ஒகர உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்து தருவது எழுத்தமைப்பு நிரல். இன்று பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகம் இதைச் செய்கிறது. பாங்கோ, லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த இணைப்பு எங்காவது அறுந்தால் கொம்பு இடம்மாறி நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எழுத்துக்குப் பக்கத்தில் முளைக்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடச் சிறியது. ஆனால் நம் வகுப்பறைக்கு அதிகம் தீங்கு செய்யக்கூடியது. ஆங்கில எழுத்தின் உயரத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பெட்டியின் உயரத்தை நிலையாக வைத்துவிட்டால், தமிழ் எழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி வெட்டுப்பட்டுவிடும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். 'சில்' என்பது 'சில' ஆகிவிடும். பெரியவர்களாகிய நாம் இடம் பார்த்துச் சரியாகப் படித்துவிடுவோம். மெய்யெழுத்தை இப்போதுதான் கற்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை என்ன செய்யும்? திரையில் இருப்பதைத்தான் படிக்கும். படித்ததைத்தான் எழுதும். பிறகு அதன் குறிப்பேட்டில் நாம் சிவப்பு மை போடுவோம்.

இந்தப் பிழையை யார் கண்டுபிடிப்பார்கள்? ஜிடிகேயின் பராமரிப்பாளர்கள் திறமையானவர்கள். அவர்களில் சிலர் ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களில் ஊதியம் பெற்று இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு 'பல'வும் 'பல்'லும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தத் தானியங்கிச் சோதனையும் புள்ளி காணாமற்போனதைத் தானாகச் சொல்லிவிடாது; அப்படி ஒரு சோதனை வேண்டும் என்று யாராவது முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் தமிழ் படிப்பவர். அதிலும் எழுத்தைக் கூர்ந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஆசிரியர். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

பராமரிப்பைத் தனிப் பொறுப்பாக மதிக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. தென்னேரி என்ற பெயரே திரையன் ஏரி என்பதன் மரூஉ என்பர். அருகே உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளைச் சமூக அறிவியல் பாடத்தில் குடவோலை முறைக்காக நடத்துகிறோம். அதில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு, அதற்கு 6 உறுப்பினர்கள், 360 நாள் பொறுப்பு, கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற விதி எல்லாம் இருக்கின்றன. ஏரியை வெட்டியவர் பெயர் நிலைப்பது இயல்பு. ஆனால் ஆண்டுதோறும் கரையைப் பார்ப்பதும் தூர் எடுப்பதும் ஊரின் வேலை என்று அவர்கள் அதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்தார்கள். திறந்த மூல மென்பொருளும் இப்படிப்பட்ட பொதுச் சொத்துதான். தண்ணீர் பாய்ச்சிக்கொள்பவர்கள் பலர். கரைக்குப் போகிறவர்கள் சிலர்.

நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலாவது, வழு அறிக்கை எழுதுவது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், இயங்குதளத்தின் பெயர், என்ன செய்தோம், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, திரைப்படம் ஒன்று. இவ்வளவுதான். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளரால் எதுவும் செய்ய இயலாது. 'இந்தச் சொல்லில், இந்த எழுத்தின்மேல் புள்ளி வெட்டுப்படுகிறது' என்று எழுதினால் அன்றே வேலை தொடங்கலாம். எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி போதும்.

இரண்டாவது, சொற்களைச் சரிபார்ப்பது. திரையில் வரும் தமிழ்ச் சொற்களைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கிறார்கள். பாடநூலில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல் என்றிருந்தால் மாணவர் தடுமாறுவார். அத்தகைய சொற்களைக் குறித்துவைத்து மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பலாம். தமிழாசிரியர்களுக்குக் கணினியில் இதைவிடப் பொருத்தமான பணி இல்லை.

மூன்றாவது, நம் ஆய்வகத்தை முறையாகப் புதுப்பிப்பது. உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். பள்ளிக்கு அவையே ஏற்றவை. புதிய பதிப்பை முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவுங்கள். ஒரு வாரம் பாடம் நடத்திப் பாருங்கள். கொடி, பல், ஔவை, ஸ்ரீ போன்ற பத்துச் சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள். சரியாக வந்தால் மற்றவற்றுக்குப் போகலாம். தேர்வு வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம்.

நான்காவது, மாணவர்களுக்கு இதைச் சொல்வது. மென்பொருள் படிப்பது என்றால் புதிதாக ஒரு செயலி உருவாக்குவது என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். வேறொருவர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, பழுது நீக்கி, அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் அதே அளவு அறிவு வேண்டும் வேலை. அதைச் செய்பவர்களுக்கு உலகெங்கும் தேவை இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் ஒரு மாணவி எழுதும் ஒரு வழு அறிக்கை ஏற்கப்பட்டு, அடுத்த பதிப்பில் அந்தப் புள்ளி சரியான இடத்தில் நின்றால், தமிழ் படிக்கும் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் அது சரியாகத் தெரியும்.

அடுத்த முறை ஆய்வகத்தில் திரையைத் திறக்கும்போது, பட்டியலில் உள்ள தமிழ்ச் சொற்களை ஒருமுறை விடைத்தாள் திருத்தும் கண்ணோடு பாருங்கள். பிழை இருந்தால் எழுதி அனுப்புங்கள். எழுதத் தயக்கம் இருந்தால், பக்கத்துப் பள்ளிக் கணினி ஆசிரியரோடு சேர்ந்து எழுதுங்கள்.