விண்மீனின் முடிவும் சந்திரசேகரின் பொறுமையும்

 

ஞாயிறு தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கோள்கள், துணைக்கோள்கள், வால்மீன்கள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவை ஞாயிற்றுக் குடும்பத்தின் மொத்தப் பொருண்மையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. எஞ்சியது முழுவதும் ஞாயிறு ஒன்றே. அதன் நடுவில் வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி பாகை செல்சியஸ். அங்கே ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அம்மாற்றத்தில் சுமார் 40 லட்சம் டன் பொருள் ஆற்றலாகி வெளிப்படுகிறது. புவியில் மழை பொழிவதும் பயிர் விளைவதும் இவ்வாற்றலால்தான்.

விண்மீனின் வாழ்வு இரு விசைகளின் சமநிலை. ஈர்ப்பு அதனை உள்நோக்கி அமுக்குகிறது. நடுவில் எழும் வெப்பத்தின் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளுகிறது. எரிபொருள் உள்ளவரை இச்சமநிலை நீடிக்கும். எண்ணெய் மிகுந்த விளக்கு நெடுநேரம் எரியும் என்னும் உலகியல் கணக்கு விண்ணில் செல்லாது. ஞாயிற்றின் ஆயுள் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள். அதனைப் போல் 20 மடங்கு பொருண்மையுடைய விண்மீனோ ஒரு கோடி ஆண்டுகள் அளவிலேயே எரிந்து தீர்கிறது.

எரிபொருள் தீர்ந்தபின் நிகழ்வது என்ன? ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் ஞாயிறு பருத்துச் செம்பெருமீனாகும். புதனையும் வெள்ளியையும் விழுங்கும். பின்னர் அதன் புறப்பகுதி விண்வெளியில் கலைந்துபோக, நடுப்பகுதி மட்டும் புவியளவே உள்ள வெண்குறுமீனாகச் சுருங்கும். அங்கே ஒரு தேக்கரண்டிப் பொருளின் எடை டன் கணக்கில் இருக்கும். அந்நிலையில் ஈர்ப்பைத் தாங்கி நிற்பது வெப்பமன்று. நெருக்குண்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பேயாகும். எத்துணைப் பெரிய விண்மீனும் இறுதியில் இவ்வாறே அமைதியாக அடங்கும் என்று 1930 அளவில் அறிஞர் பலர் கருதினர்.

அவ்வாண்டு ஜூலை 31 அன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற 19 அகவை இளைஞர் ஒருவர் மேற்படிப்பிற்காகப் பம்பாயில் கப்பலேறினார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கடற்பயணத்தின்போதே அவர் ஒரு கணக்கில் ஆழ்ந்தார். மிகுதியாக நெருக்கப்படும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் என்பதால், ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையையும் சேர்த்துக் கணித்தார். எலக்ட்ரான்களின் எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்னும் விடை கிடைத்தது. இன்று ஏற்கப்பட்டுள்ள கணக்குப்படி அவ்வெல்லை ஞாயிற்றின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டது வெண்குறுமீனாக நிலைக்க இயலாது. மேலும் மேலும் சுருங்கியே தீரும்.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில், அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் இம்முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 கதிரவ மறைப்பின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்துப் புகழ்பெற்ற பேரறிஞர் அவர். விண்மீன் இவ்வாறு அளவின்றிச் சுருங்குவதை இயற்கையே அனுமதிக்காது என்று அவர் எள்ளி மறுத்தார்; அவை நகைத்தது. நீல்ஸ் போர், பௌலி போன்ற மேதையர் இளைஞரின் பக்கமே உண்மை உள்ளது எனத் தனிமுறையில் ஒப்பினர். ஆயினும் பொது அவையில் எடிங்டனை மறுக்க முன்வரவில்லை.

24 அகவையில் நேர்ந்த இவ்விழிவால் சந்திரசேகர் கசந்துபோகவில்லை. தம் முடிவுகளை 1939-இல் நூலாக்கிவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேறு துறைகளில் உழைப்பைத் தொடர்ந்தார். எடிங்டனுடன் கொண்ட நட்பையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை. அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வான்இயற்பியலாளர் என்று பிற்காலத்தில் போற்றியும் எழுதினார்.

காலம் விடையளித்தது. 1967-இல் துடிமீன்கள் கண்டறியப்பட்டன. அவை வெண்குறுமீன்களினும் பன்மடங்கு சுருங்கிய நியூட்ரான் மீன்கள் என்பது தெளிவாயிற்று. அதனினும் மிகச் சுருங்கியவை கருந்துளைகள். 1983-இல் சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றார். கப்பல் பயணத்திற்கும் அப்பரிசுக்கும் இடையே 53 ஆண்டுகள்! 1999-இல் விண்ணில் செலுத்தப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ‘சந்திரா’ என அவர் பெயரையே தாங்கியுள்ளது.

மார்கழி மாத முன்னிரவில் கீழ்வானில் செந்நிறமாய் ஒளிரும் மீன் திருவாதிரை. ஞாயிற்றைப் போல் பத்து மடங்கிற்கும் மேற்பட்ட பொருண்மை உடையது. அதன் நடுப்பகுதி அந்த 1.4 என்னும் எல்லையைக் கடக்கும் நாளில் அது வெடித்துச் சிதறும். வானியல் கணக்கில் அந்நாள் தொலைவில் இல்லை. மனிதக் கணக்கில் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகலாம். அவ்வெடிப்பு வெறும் அழிவன்று. மனிதரின் குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள சுண்ணமும் முன்பே வெடித்த விண்மீன்கள் விட்டுச்சென்றவையே.

பெற்றோர்களே, வரும் மார்கழியில் மாடிக்குச் சென்று குழந்தைகளுக்குத் திருவாதிரையைக் காட்டுங்கள். அதன் முடிவைக் கணக்கால் அறிந்த இளைஞரின் கதையையும் சொல்லுங்கள். அவை நகைத்தபோதும் அவர் கணக்கைக் கைவிடவில்லை. நகைத்தவரைப் பகைக்கவும் இல்லை.